நடப்பதற்குப் பின்னிய காலுறை

"கையைத் தூக்குடா. இன்னும் கொஞ்சம். கக்கத்துல பிடிக்குதா?"

"இல்லக்கா."

"பொய் சொல்றான். லூக்ரா, அந்தத் தையலைக் கொஞ்சம் பிரிச்சு விடு. நாளைக்கு ஒம்பது மணி நேரம் கையைத் தூக்கிக்கிட்டே நடக்கணும். பாதி வழியில கிழிஞ்சா ஊரே சிரிக்கும்."

நாற்பத்தொன்பது வயது கூஸ்மா, கணுக்கால் வரை தொங்கும் வெள்ளை அங்கியில் அக்காவின் கட்டிலுக்கு முன்னால் கையைத் தூக்கியபடி நின்றான். அவன் மனைவி லூக்ரா கத்தரிக்கோலோடு அவன் கக்கத்துக்குள் தலையை நுழைத்திருந்தாள். தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்த வின்கா, இருவரையும் அதட்டிக்கொண்டே ஒரு கம்பளிக் காலுறையின் நுனியைப் பின்னி மூடிக்கொண்டிருந்தாள். மூன்று கண்ணி பின்னுவாள், கண்ணை மூடிக்கொள்வாள், மறுபடி மூன்று. பெரிய வியாழன், மதியம் இரண்டு மணி. அவளுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்த அறையில் பேசினார்கள்.

ஸ்திவா ஊரின் சிலுவை பதினாறு கிலோ. பெரிய வெள்ளியன்று சூரியன் எழும்போது கோயிலடியிலிருந்து கிளம்பி, தீவின் ஐந்து ஊர்களையும் சுற்றிக்கொண்டு, மூன்று மணிக்குத் திரும்பும். முழு வழியும் ஒரே ஆள் சுமக்க வேண்டும். தோளில் சாய்க்கக் கூடாது, மார்புக்கு முன்னால் இரு கைகளாலும் ஏந்த வேண்டும். செருப்புப் போடக் கூடாது. வெறுங்கால், இல்லாவிட்டால் கம்பளிக் காலுறை. வருடத்துக்கு ஒருவருக்குத்தான் கிடைக்கும், ஆசைப்படுகிறவர்களோ ஏராளம். அதனால் பங்குக் கோயிலில் ஒரு பட்டியல் இருக்கிறது. பெயரை எழுதிவிட்டு முப்பது வருடம் காத்திருக்க வேண்டும்.

கூஸ்மாவின் பெயரை எழுதியது கூஸ்மா அல்ல. பத்தொன்பது வயதில் அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பெரிய தீவின் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தான். பன்னிரண்டாவது நாள் கண்ணைத் திறந்தபோது, பிழைத்தால் தம்பி சிலுவை சுமப்பான் என்று வின்கா நேர்ந்துகொண்டு, பட்டியலில் எழுதியும் முடித்திருந்தாள். அவனைக் கேட்கவில்லை. அம்மா செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினெட்டு. அப்பா அதற்கு முன்பே கப்பலேறிப் போய், மூன்றாவது வருடம் கடிதமும் நின்றுவிட்டது. அப்போதிலிருந்தே அவள் எதையும் அவனைக் கேட்டுச் செய்ததில்லை.

இத்தனை வருடமும் அவன் அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தான். யாராவது எரிச்சல் மூட்டினால், "எனக்கு அந்த வருஷம் வரட்டும், அப்புறம் பார்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வான். அப்புறம் என்ன ஆகும் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் அந்த நாளில் அக்கா கோயில் வாசலில் நின்று தன்னைப் பார்ப்பாள் என்பது மட்டும் தெரியும்.

அந்தச் சிலுவைக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. தவக்காலத்தில் சாவு விழுந்த வீட்டில் அது தங்காது. சுமப்பவர் வீட்டில் யாராவது இறந்துபோனால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். விட்டவர் வேண்டுமானால் பட்டியலின் கடைசியில் மறுபடி எழுதிக்கொள்ளலாம். கூஸ்மா எழுதினால் அவனுக்கு எழுபத்தொன்பது வயதில் முறை வரும்.

அடுத்தவர் என்று ஒருவர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? அவரும் சாம்பல் புதனிலிருந்து நாற்பது நாளும் ரொட்டி, ஆலிவ், கீரை என்று நோன்பு இருப்பார். அநேகமாக எந்த வருடமும் அவருக்கு வேலை வராது. ஊர் அவரை 'வெறும்பட்டினிக்காரர்' என்று கிண்டல் செய்யும். இந்த வருடத்து வெறும்பட்டினிக்காரர் தாதியா.

தாதியாவைக் கூஸ்மாவுக்குப் பிடிக்காது. ஆலிவ் தோட்டத்துக் கல்சுவரை ஒரு முழம் தள்ளிக் கட்டிவிட்டார் என்பது வெளியே சொல்லும் காரணம். உள்ளே இருக்கும் காரணம் ஊருக்கே தெரியும். தாதியா வின்காவைப் பெண் கேட்டார். தம்பி பள்ளிக்கூடம் முடிக்கட்டும் என்றாள் அவள். நாலு வருடம் காத்திருந்தார். அப்புறம் துறைமுகத்து ஊரில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டார், அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. தெருவில் தாதியா எதிரே வந்தால் கூஸ்மாவுக்குத் தான் இன்னும் பள்ளிக்கூடப் பையனாகவே இருப்பது போல ஒரு கூச்சம் வரும். கூச்சத்தைக் கோபமாக மாற்றிக்கொள்வது அவனுக்குச் சுலபம்.

"முடிஞ்சுது," என்றாள் வின்கா. நூலைப் பல்லால் கடிக்கப் பார்த்தாள், முடியவில்லை. லூக்ரா கத்தரித்துக் கொடுத்தாள். முழங்கால் வரை வரும் சாம்பல் நிறக் காலுறை, உள்ளங்காலில் இரட்டைக் கம்பளி. "நம்ம பழைய ஆட்டோட ரோமம். சரளைக்கல்லுக்கு இதுதான் தாங்கும். கடையில வாங்கினது இரண்டாவது ஊர்லயே பல்லைக் காட்டிரும்."

"அக்கா, நீ கொஞ்சம் படு."

"படுக்கத்தானே போறேன். லூக்ரா, நீ போய் அத்திப்பழத்தை எடுத்துத் தட்டுல வை. சாயங்காலம் ஊரே வரும்."

லூக்ரா போனதும் அவள் கூஸ்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டாள். அவளுடைய கையெலும்பு மேலே துருத்திக்கொண்டிருந்தது. இந்தத் தவக்காலம் முழுக்க அவளும் நோன்பு என்றாள். தம்பிக்காக நானும் என்றாள். தட்டில் எடுத்ததைக் கோழிக்குப் போட்டாள். கன்னம் ஒட்டியது, இடுப்புத் துணி நழுவியது. கோயிலடியில் பெண்கள், "வின்காவைப் பாருங்க, இதுதான் நோன்பு" என்றார்கள். கூஸ்மாவுக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது, அக்கா தன்னை மிஞ்சிவிட்டாளே என்று. குருத்து ஞாயிறன்று சமையலறையில் அவள் விழுந்த பிறகுதான் படகில் டாக்டர் வந்தார். வயிற்றுக் கட்டியைப் பற்றிக் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே இந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேனே, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். சாப்பிட முடியாதவளை நோன்பு என்று மெச்சிய வீடு இந்தத் தீவில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

"நான் சொல்றதை நல்லாக் கேளு," என்றாள் வின்கா. "அஞ்சு மணிப் பூசையில மணி அடிப்பாங்க. அப்புறம் கயித்தைக் கட்டிருவாங்க. சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் மணி கிடையாது."

"ஆமா."

"நான் அதுக்கப்புறம் போனேன்னா எனக்கு மணி கிடையாது. மணி இல்லேன்னா ஊருக்குத் தெரியாது. நீங்களா வாயைத் திறந்தாத்தான் தெரியும்."

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. ஸ்திவாவில் சாவைச் சொல்வது மணிதான். ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு இரண்டு. ஊர் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எண்ணும்.

"அக்கா, வாயை மூடு."

"கதவைச் சாத்திட்டுப் போயிரு. நாளைக்கு மூணு மணிக்கு வந்து அழு. எவ்வளவு வேணும்னாலும் அழு. அதுவரைக்கும் நான் எங்கயும் போயிற மாட்டேன்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "பூசை வரைக்கும் தாக்குப் பிடிச்சிருவேன்டா. முப்பது வருஷம் பிடிச்சவ. சரின்னு சொல்லு."

அவன் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

பூசையில் அவனுக்கு முதல் வரிசை. 'உன்னதங்களிலே' கீதம் பாடத் தொடங்கியதும் கோபுரத்து மணிகள் எல்லாம் சேர்ந்து அடித்தன. பீடத்துச் சிறுமணிகளும் சேர்ந்துகொண்டன. வழக்கமாக அந்தச் சத்தத்தில் அவனுக்கு மயிர்க்கூச்செறியும். இன்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஆண்டவரே, இது நிற்கும் வரை, இது நிற்கும் வரை என்று ஜெபித்துக்கொண்டிருந்தான். மணி நின்றது. கோயில்காரர் கயிறுகளைச் சுருட்டித் தூணில் கட்டினார். கூஸ்மாவுக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, அக்கா பிழைக்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. சாக வேண்டிய நேரத்தைக் கேட்டிருக்கிறான். அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பூசை முடிந்து பங்குச் சாமியார் ப்ரோஷ்பர் சிலுவையைத் துணி நீக்கி அவன் கையில் கொடுத்தார். முந்தின மாலையிலிருந்தே சிலுவை சுமப்பவர் வீட்டில் இருக்க வேண்டும், ஊர் வந்து உதடு பதித்து முத்தி செய்ய வேண்டும். அவன் ஏந்திக்கொண்டு நடந்தான், சபையாரும் ஊரும் பின்னால் வந்தார்கள். தவக்காலம் முழுக்க எண்ணெய் டின்னைச் சுமந்து பழகிய கை, சிலுவை கனக்கவில்லை. மேல்மாடி ஜன்னலைப் பார்த்தான். மூடியிருந்தது.

லூக்ரா வாசலில் நின்றாள். அவள் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுவே அவனுக்குச் சொல்லிவிட்டது. பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் முகம் ஒருநாளும் சாதாரணமாக இருந்ததில்லை, ஒன்று சிரிக்கும், இல்லாவிட்டால் முறைக்கும்.

"மேசையில வைங்க," என்றாள். மெழுகுவர்த்திகளைக் கொளுத்தினாள். "எல்லாரும் உக்காருங்க, இதோ வந்துர்றோம். இவருக்கு அங்கியில ஒரு தையல் போடணும்."

மாடியில் வின்காவின் தாடையைச் சுற்றி ஏற்கெனவே ஒரு கைக்குட்டை கட்டியிருந்தது. கைகள் ஜெபமாலையோடு கோத்திருந்தன. காலுறை இரண்டும் மடித்துக் கட்டில் ஓரத்தில் இருந்தன.

"எப்ப?" என்றான்.

"மணி நின்னு ஒரு கால் மணி இருக்கும். மணி நின்னதும், 'கட்டிட்டாங்களா?'ன்னு கேட்டாங்க. கட்டிட்டாங்க மதினின்னு சொன்னேன். 'அப்ப சரி'ன்னாங்க. அவ்வளவுதான்." லூக்ரா குரல் அங்கே உடைந்தது. சட்டென்று தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள், கீழே கேட்டுவிடும் என்று.

அவன் கட்டிலில் உட்கார்ந்து அக்காவின் பாதத்தைப் போர்வைக்கு மேல் தொட்டான். எப்போதும் குளிர்ந்து கிடக்கும் பாதம். கோடையிலும் அவளுக்குக் கால் சில்லிட்டுப் போகும், அடுப்பருகில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்த வீட்டில் எல்லாருக்கும் காலுறை பின்னினாள். அவளுக்கென்று ஒரு ஜோடி பின்னியதாக அவனுக்கு நினைவில்லை.

"என்ன செய்யப் போறீங்க?"

"அக்கா சொன்னபடி."

லூக்ரா ஜன்னல் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள், தலைமாட்டு மெழுகுவர்த்தியை அணைத்தாள், இருவரும் வெளியே வந்தார்கள். கதவை அவன்தான் சாத்தினான்.

கீழே வீடு நிறைந்திருந்தது. ஆட்கள் வரிசையாக வந்து சிலுவையின் பாதத்தில் முத்தி செய்துவிட்டு, உலர்ந்த அத்திப்பழத்தையும் ஆளுக்கொரு கிளாஸ் இனிப்பு வைனையும் எடுத்துக்கொண்டு சுவரோரம் நின்று பேசினார்கள். நாளைக்கு மழை வருமா, தெற்குக் காற்று திரும்புமா, மூன்றாவது ஊர் ஏற்றத்தில் வழுக்குமா. போன வருடம் சுமந்தவர் தன் காலில் எத்தனை முள் என்று மறுபடியும் சொன்னார், வருடத்துக்கு வருடம் முள் கூடிக்கொண்டிருக்கிறது.

"வின்காவை எங்க காணோம்?" பக்கத்து வீட்டு மாந்தினா அவன் கையைப் பிடித்தாள். "இன்னைக்குக் கூடவா இறங்கி வரல?"

"முடியலை பெரியம்மா. படுத்திருக்கா."

"பாவம், நோன்பு நோன்புன்னு உடம்பைக் கெடுத்துக்கிட்டா. நாளைக்கு வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வை. உன்னைப் பாக்காம அவளுக்கு உசிர் போகாது."

அவன் தலையாட்டினான். ஒரு கிளாஸை எடுத்தான், நோன்பு என்பது நினைவு வந்து வைத்தான்.

சாமியார் மேலங்கியைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானார். "கூஸ்மா, மேல போய் அக்காவுக்கு ஒரு ஆசீர் கொடுத்துட்டுப் போகட்டுமா? திங்கட்கிழமை எண்ணெய் பூசினதுதான், அப்புறம் பாக்கவே இல்ல."

"தூங்குறா சாமி. இப்பத்தான் கண்ணசந்தா. எழுப்ப வேண்டாம்."

"தூங்கட்டும், தூங்கட்டும்." அவர் அவன் தோளைத் தட்டினார். "நீயும் சீக்கிரம் படு. காலையில பாவசங்கீர்த்தனம் செஞ்ச மனசு, அப்படியே சுத்தமா வச்சுக்க. யாரோடயும் வாய் கொடுக்காதே."

காதுமடல் சூடேறியது அவனுக்கு. காலையில் ஆலிவ் தோட்டத்துச் சுவர் வரை எல்லாவற்றையும் சொல்லிப் பொறுத்தல் கேட்டவன், சாயங்காலம் சாமியாரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறான். அங்கி வெள்ளையாகத்தான் இருந்தது. சாமியாரை லூக்ரா ஏதோ சாக்குச் சொல்லி உட்கார வைத்துக் கீரை அடையைத் தட்டில் போட்டாள். அவளுக்குத் தனியாக இருக்கப் பயமாக இருந்ததோ என்னவோ.

அப்போதுதான் தாதியா வந்தார். அறுபது வயது, உயரமான ஆள், நாற்பது நாள் வெறும்பட்டினியில் இன்னும் உயரமாகத் தெரிந்தார். சுவரோரம் நின்றவர்களில் ஒருவன், "வாங்க வெறும்பட்டினி, இன்னும் ஒரு நாள்தான், அப்புறம் ஆட்டுக்கறி!" என்றான். தாதியா, "உன் வீட்டுலதான் சாப்பாடு, உன் பெண்டாட்டிகிட்டச் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிலுவைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார். முத்தி செய்தார். அப்புறம் கோட்டுப் பைகளிலிருந்து ஒவ்வொன்றாக நாலு ஆரஞ்சுப் பழங்களை எடுத்துக் கூஸ்மாவிடம் நீட்டினார்.

"நம்ம மரத்துல கடைசியாப் பழுத்தது. உனக்கில்ல. வின்காவுக்கு."

"ம்."

"தூங்குறாளாமே. மாந்தினா சொன்னா. எந்திரிச்சதும் உரிச்சுக் கொடு. சாறு மட்டும்னாலும் இறங்கும்."

கூஸ்மா பழங்களை வாங்கிக்கொண்டான். கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டியதுதான், ஒரே ஒரு சொல். நாக்கு எழவில்லை. பழங்கள் கையில் குளிர்ந்து இருந்தன. தாதியா போகத் திரும்பிவிட்டார்.

"தாதியாண்ணே," என்றான். "மேல வாங்க."

அவர் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு படியேறினார்.

கதவைத் திறந்ததும் அவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். மேற்கு வெளிச்சம் ஜன்னல் பலகை இடுக்கு வழியாக வந்து கட்டில் மேல் விழுந்திருந்தது. கீழே யாரோ சிரித்தார்கள். உள்ளே ஒரு அடியும் வைக்கவில்லை. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் எந்த இடத்தில் நிறுத்தினாளோ அங்கேயே நிற்பவர் போல நின்றார்.

"மணிக்கு அப்புறமா?" என்று கேட்டார் கடைசியில்.

"ஆமா. அவளே சொன்னா. யாருக்கும் சொல்லாதே, நட, மூணு மணிக்கு வந்து அழுன்னா."

"அவதான் சொல்லுவா." அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சரி. நான் எதையும் பாக்கல. இறங்கிப் போயிர்றேன். நீ நட."

கூஸ்மா இதை எதிர்பார்க்கவில்லை. "அண்ணே, இது உங்க முறை."

"எனக்கு எதுக்குடா முறை? இதுக்குத்தானே அவ... எல்லாத்தையும் விட்டா. நீ நடக்காம வீட்டுல உக்காந்தா அதெல்லாம் எங்க போய் நிக்கும்? நட. ஒருத்தனும் என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது."

கூஸ்மா ஆரஞ்சுகளைக் கட்டிலின் பக்கத்து முக்காலியில் வைத்தான். ஒன்று உருண்டது, பிடித்து மறுபடி வைத்தான். நாளை முழுக்க இந்தக் கதவு சாத்தியிருக்கும். இந்தப் பழங்களும் அவளும் மட்டும் இருப்பார்கள். முகம் கழுவாமல், ஒரு ஜெபம் சொல்ல ஆளில்லாமல். கிறிஸ்துமஸிலிருந்து அவள் அப்படித்தான் இருந்திருக்கிறாள், கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே வலியோடு. வெளியே அவன் எண்ணெய் டின்னைத் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தான்.

"முடியாதுண்ணே," என்றான். "இன்னொரு நாள் அவளைத் தனியா விட முடியாது."

"நேர்ச்சைடா அது. அவ நேர்ச்சை."

"தெரியும். எனக்குக் கொடுக்குறதுக்கு அவகிட்ட எவ்வளவோ இருந்துச்சு. அவளுக்குக் கொடுக்குறதுக்கு எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு."

அவன் நின்ற இடத்திலேயே அங்கியைத் தலைவழியாகக் கழற்றினான். பிரித்துவிட்ட கக்கத்துத் தையல் இன்னும் கொஞ்சம் கிழிந்தது. மடித்துக் காலுறைகளின் மேல் வைத்து, எல்லாவற்றையும் தாதியாவின் கையில் கொடுத்தான்.

"இதையும் போட்டுக்கங்க. இது நடக்குறதுக்குன்னு பின்னினது."

தாதியா காலுறையின் உள்ளங்காலை விரலால் தடவிப் பார்த்தார். இரட்டைக் கம்பளி. அதற்கு மேல் அவர் மறுப்புச் சொல்லவில்லை.

கூஸ்மா சட்டையோடு படியிறங்கி வந்ததைக் கண்டதும் பேச்சு ஒவ்வொரு மூலையாக நின்றது. அவன் நேராகச் சாமியாரிடம் போனான்.

"சாமி, நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். அக்கா தூங்கல. மணி நின்னதும் போயிட்டா. மறைச்சு வச்சுட்டு நாளைக்கு நடக்கலாம்னு இருந்தேன்."

யாரோ கிளாஸை மேசையில் வைத்தார்கள். மாந்தினா, "ஐயோ என் தங்கமே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். சாமியார் தட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். அவர் கண்டிப்பார் என்று கூஸ்மா காத்திருந்தான்.

"அந்தக் கட்டுப்பாடு எதுக்குன்னு உனக்கு யாராவது சொல்லியிருக்காங்களா?" என்றார் அவர்.

"துக்க வீடு தீட்டுன்னு..."

"யாருடா சொன்னது தீட்டுன்னு? அந்த வீட்டுல ஏற்கெனவே ஒரு சிலுவை இருக்கு, இரண்டாவதை ஏத்தி வைக்காதேன்னு வச்சாங்க. நீ ரெண்டையும் தூக்கப் பாத்திருக்க." அவர் அவன் தலையில் கை வைத்தார். "போ. உன்னோடதைத் தூக்கு."

கூஸ்மா மேசையிலிருந்து சிலுவையை எடுத்தான். வாசல் வரை ஏழெட்டு அடி. அவனுடைய ஊர்வலம் அவ்வளவுதான். வாசலில் தாதியாவின் கைகளில் அதை வைத்தபோது அது கனமாக இருந்தது. தாதியா மார்போடு அணைத்து வாங்கிக்கொண்டார். அவரைக் கிண்டல் செய்த ஆள் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டை நோக்கி முன்னால் நடந்தான்.

பெண்கள் மாடிக்குப் போனார்கள். அவளைக் குளிப்பாட்டிக் கறுப்பு உடுத்தி, கறுப்பு நைலான் காலுறையும் ஞாயிற்றுக்கிழமைச் செருப்பும் போட்டுவிட்டார்கள். ஜெபமாலை தொடங்கியது.

மறுநாள் காலை, வெயில் எட்டிப்பார்த்தபோது, தெருமுனையில் மரக்கட்டைகளை ஒன்றோடொன்று அடிக்கும் சத்தம் கேட்டது. மணிக்குப் பதில் அதுதான். பாட்டு நெருங்கி வந்தது. வீட்டுக்கு நேரே வந்ததும் கட்டைச் சத்தமும் பாட்டும் நின்றன. துக்க வீட்டு வாசலில் சிலுவை மூன்று முறை தாழும் என்பது கூஸ்மாவுக்குத் தெரியும். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செருப்புகளும் பூட்ஸுகளும் சரளையில் நெரிபட்டு மெதுவாக நகர்ந்தன. அத்தனைக்கும் முன்னால் போகிற கால்களுக்கு மட்டும் சத்தமே இல்லை. காலுறை அல்லவா.

பகல் முழுக்க ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. லூக்ரா ஒரு ஆரஞ்சை உரித்து அவன் கையில் வைத்தாள். தனியாக இருந்த நேரங்களில் அவன் அக்காவிடம் பேசினான். ஊர்வலம் இப்போது எங்கே போயிருக்கும் என்று சொன்னான். இரண்டாவது ஊர். ஏற்றம். கடற்கரைச் சிற்றாலயம். கோபித்துக்கொள்ளாதே என்றும் சொன்னான்.

மூன்று மணிக்குக் கட்டைச் சத்தம் கோயிலடியில் கேட்டு அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் தாதியா படியேறி வந்தார். கைகள் இரண்டும் மடங்கியபடியே இருந்தன, நீட்ட முடியவில்லை போலிருக்கிறது. அங்கி அவருக்குக் கெண்டைக்கால் வரைதான் இருந்தது. வெறுங்காலோடு நின்றார். இந்த முறை நிலைப்படியில் நிற்காமல் உள்ளே வந்தார்.

காலுறைகளை நீட்டினார். சாம்பல் நிறம் போய்ச் செம்மண் நிறமாகியிருந்தன. ஒன்றில் குதிகால் முழுக்கத் தேய்ந்து ஓட்டை, ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"நாலாவது ஊர் வரைக்கும் ஒண்ணும் ஆகலைடா. அப்புறம்தான் விட்டுச்சு," என்றார். "துவைச்சுக் கொண்டு வந்திருப்பேன். பெரிய வெள்ளிக்கிழமை துவைக்கக் கூடாதுல்ல."

"துவைக்க வேண்டாம்."

கூஸ்மா கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் வின்காவின் செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே வைத்தான். நைலான் உறைகளை உருவினான். பாதங்கள் வெள்ளையாக, குழந்தைப் பாதம் போலச் சின்னதாக இருந்தன. நடந்து தேய்ந்த சுவடு ஒன்றுகூட இல்லை. அவன் முதல் காலுறையைச் சுருட்டி விரல்களில் மாட்டி இழுத்தான். மண்ணேறி விறைத்த கம்பளி சுலபத்தில் ஏறவில்லை. தாதியா குனிந்து, வளைந்த கைகளால் அவள் காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

இரண்டும் அவளுக்குப் பெரிதாக இருந்தன. முழங்காலில் ஒரு மடிப்பு மடித்துவிட்டான். ஓட்டை விழுந்த காலுறையின் வழியே குதிகால் தெரிந்தது. அதில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. கூஸ்மா அதைத் துடைக்கவில்லை, போர்வையை இழுத்து மூடினான்.